தனிக்குரலும் கூட்டுக்குரலும்

மேனாட்டு இசை ரசிகர்களிடையே ஒன்றரைத் தசாப்தத்துக்கும் மேலாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டுவரும் கதையொன்று உண்டு. இளைஞன் ஒருவன். அவன் சேர்ந்திருந்த இசைக்குழு கலைந்துவிடுகிறது. நேசித்த உறவொன்று முறிகிறது. ஈரலைத் தாக்கிய நோய் அவனைப் படுக்கையில் வீழ்த்துகிறது. குடியேறியிருந்த நகரத்தை விட்டு நீங்கிப் பிறந்த மாநிலத்துக்குத் திரும்பும் அவன், பனி மூடிய காட்டிலே, தந்தைக்குச் சொந்தமான மரக்குடிலொன்றிற் குளிர்காலத்தைக் கழிக்கிறான். ஏறத்தாழ மூன்று மாதங்கள். விறகு பிளக்கிறான், வேட்டையாடிய மானிறைச்சியை உண்கிறான், எஞ்சிய நேரத்திற் பாடி ஒலிப்பதிவு செய்கிறான். குளிர்காலம் நீங்கும்போது ஓர் இசைத்தொகுதிக்குரிய பாடல்கள் அவன் கையில் இருக்கின்றன. உலகம் அவற்றைக் கேட்டு உருகுகிறது.

அவ்விளைஞர் ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்து ஓ கிளேர் நகரிற் பிறந்த ஜஸ்ரின் வேர்ணன். குளிர்காலம் 2006ஆம் ஆண்டின் இறுதியும் 2007ஆம் ஆண்டின் தொடக்கமும். 'நல்ல குளிர்காலம்' எனப் பொருள்படும் பிரெஞ்சுத் தொடரைச் சற்றே திரித்து அவர் தமக்குச் சூட்டிக்கொண்ட பெயர் 'போன் ஈவேர்'. அப்பெயரில் வெளிவந்த முதலாவது தொகுதியே 'ஃபோர் எம்மா, ஃபொரெவர் அகோ'. 2007 ஜூலையில் ஏறத்தாழ 500 பிரதிகள் அளவில் அவரே அதனை வெளியிட்டார். 2008இல் ஜக்ஜகுவார் என்னும் சிறு நிறுவனம் அமெரிக்காவிலும், 'ஃபோர் ஏ.டி.' நிறுவனம் பிரித்தானியாவிலும் அதனை மீண்டும் வெளியிட்டன. 2012ஆம் ஆண்டிலோ கிராமி விருது மேடையிற் சிறந்த புதிய கலைஞர் என அவர் அறிவிக்கப்பட்டார்.

இக்கதை பொய்யன்று. ஆயினும் ஒரு கதை பன்முறை சொல்லப்படும்போது அது கதையாக மட்டும் நின்றுவிடுவதில்லை, கோட்பாடாக மாறிவிடுகிறது. கலை தனிமையிலே பிறப்பது, சமுதாயம் வெறும் இரைச்சல், கலைஞனுக்கு வேண்டியவை தன் துயரும் தன் அறையும் மட்டுமே என்பது அக்கோட்பாடு. நம் மாணவரிற் பாடவும் எழுதவும் விழையும் பலர் இன்று இதனை இயல்பான உண்மையாகவே ஏற்றுக்கொண்டுள்ளனர். எனவே இப்பாடல்கள் நன்றா தீதா என்னும் இரசனை விவாதத்தை ஒருபுறம் வைத்து, வேறொரு வினாவை எழுப்புவது நமது கடமையாகிறது. யந்திரமொன்றுடன் தனித்திருந்து பாடும் இந்த மனிதன் வரலாற்றில் எவ்வாறு தோன்றினான்? அவன் அந்தக் குடிலை அடைந்த பாதை எது?

நாட்டார் பாடல் தனிமனிதனின் பாடலாகப் பிறந்ததன்று. நடுகை, அறுவடை, பாரம் இழுத்தல், தாலாட்டு, ஒப்பாரி என்றவாறு உழைப்போடும் வாழ்வின் சடங்குகளோடும் பிணைந்தே எந்நாட்டிலும் அது வளர்ந்தது. பாடுபவர் ஒருவராயினும் ஏற்றுப் பாடுவோர் உடனிருந்தனர். பாடல் எவரது உடைமையும் அன்று. இந்நிலையை இரண்டு பொருள்கள் மாற்றின. ஒன்று ஒலிப்பதிவு யந்திரம்; மற்றையது பதிப்புரிமை.

1933ஆம் ஆண்டு ஜோன் லோமாக்ஸ் என்னும் நாட்டார் பாடற் சேகரிப்பாளர் தம் மகன் அலனுடன் அமெரிக்காவின் தென்மாநிலங்களிற் பயணஞ் செய்தார். காங்கிரஸ் நூலகத்தின் ஆதரவுடன் அவர்கள் காரில் ஏற்றிச் சென்ற ஒலிப்பதிவு யந்திரத்தின் நிறை 315 இறாத்தல். பழைய பாடல்கள் வானொலியாலும் இசைத்தட்டாலும் கறைபடாமல் எங்கே எஞ்சியிருக்கும் என்று தேடிய அவர்கள் சிறைச்சாலைகளை நாடினர். வெளியுலகிலிருந்து துண்டிக்கப்பட்டு, கூட்டாகக் கட்டாய உழைப்பிற் பிணிக்கப்பட்டிருந்த கறுப்பினக் கைதிகளிடையே அப்பாடல்கள் உயிருடன் இருந்தன. இதில் உள்ள கொடிய முரண்பாட்டை வாசகர் கவனிக்க வேண்டும். பாடலின் 'தூய்மை' எனச் சேகரிப்பாளர் மகிழ்ந்தது, உண்மையில் மனிதர்மீது சுமத்தப்பட்ட அடைப்பின் விளைவே.

லூசியானா மாநிலத்து அங்கோலாச் சிறையில் அவர்கள் கண்டெடுத்த மாபெரும் பாடகர் ஹடி லெட்பெற்றர். 'லெட் பெலி' என்றே உலகம் அவரை அறியும். 1934இல் விடுதலையான அவர் லோமாக்ஸின் காரோட்டியாகவும், அவருடைய விரிவுரைகளிற் பாடிக் காட்டுபவராகவும் ஆனார். சிறையுடையிலும் அவர் மேடையேற்றப்பட்டார். வருவாயிற் பெரும்பகுதி தந்தைக்கும் மகனுக்குஞ் சென்றது. 1935ஆம் ஆண்டு இருதரப்பும் பிரிந்தன. 1949 டிசெம்பரில் லெட் பெலி வறுமையிலே காலமானார். மறு ஆண்டு அவர் பாடிப் பரப்பிய 'குட்நைற் ஐரீன்' என்னும் பாடலை வீவர்ஸ் என்னும் குழு பதிவுசெய்தபோது அது பதின்மூன்று வாரங்கள் அமெரிக்க விற்பனைப் பட்டியலின் உச்சியில் இருந்தது. அப்பாடலின் உரிமைப் பத்திரத்தில் லெட்பெற்றரின் பெயருக்குப் பக்கத்தில் ஜோன் லோமாக்ஸின் பெயரும் இருந்தது. பொதுச்சொத்தாயிருந்த பாடல் தனிச்சொத்தாகிய முறைக்கு இதனினுந் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எனினும் யந்திரத்தின் வருகையைத் தீமையென்று மட்டும் கொள்வது வரலாற்று நோக்காகாது. அதே யந்திரம் இன்னொரு மனிதனின் குரலையும் காத்துத் தந்தது.

வூடி கத்ரி 1912ஆம் ஆண்டு ஒக்லஹோமா மாநிலத்து ஒகீமாவிற் பிறந்தவர். முதலாம் உலகப் போர்க்காலத்திற் கோதுமை விலை ஏறியபோது, அமெரிக்கப் பெருஞ்சமவெளியின் புல்நிலம் இலாபத்துக்காக ஏக்கர் ஏக்கராக உழப்பட்டது. மண்ணைப் பிடித்து நின்ற புல்வேர் அழிந்தது. பின்னர் விலை வீழ்ந்தது. 1930களில் மழையும் பொய்த்தது. காற்றோடு மண் எழுந்தது. 1935 ஏப்ரில் 14ஆந் திகதி எழுந்த புழுதிப் புயல் பகலை இரவாக்கியது. ரெக்சாஸ் மாநிலத்துப் பம்பா என்னும் சிற்றூரில் அப்போது கத்ரி வாழ்ந்துகொண்டிருந்தார். கடன் தந்த வங்கியும், குத்தகையாளரை அகற்றி ஒரே உழவு யந்திரத்தால் நிலம் முழுவதையும் உழ முனைந்த நிலவுடைமையாளனும், மழையற்ற வானமும் சேர்ந்து மக்களைத் துரத்தின. 1940ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 25 இலட்சம் பேர் சமவெளி மாநிலங்களை விட்டு நீங்கியிருந்தனர். கலிபோர்னியாவை நோக்கிச் சென்றோரை 1936இல் லொஸ் ஏஞ்சலிஸ் பொலிசார் மாநில எல்லையிலே மறித்துத் திருப்பியனுப்பினர். கையிற் காசில்லாத குடிமகனுக்குத் தன் நாட்டின் ஒரு பகுதி அந்நிய நாடாயிற்று.

இம்மக்களோடு நடந்தும் சரக்கு ரயிலில் ஏறியும் சென்ற கத்ரி, 1937 முதல் லொஸ் ஏஞ்சலிஸ் வானொலியிற் பாடினார். பொதுவுடைமைப் பத்திரிகையில் எழுதினார். 1940இன் தொடக்கத்தில் நியூயோர்க் சென்றார். அவ்வாண்டு மார்ச்சில் அலன் லோமாக்ஸ் காங்கிரஸ் நூலகத்துக்காக அவரைப் பதிவுசெய்தார். அதனைத் தொடர்ந்து விக்ரர் கொம்பனிக்காக நியூ ஜேர்சியின் கம்டன் நகரில் அவர் பாடிய பாடல்களே 'டஸ்ற் போல் பலட்ஸ்', அதாவது புழுதிப் பிரதேசப் பாடல்கள். அதுவே அவரது முதல் வணிக இசைத்தொகுதி. மூன்று மூன்று தட்டுகள் கொண்ட இரண்டு தொகுதிகளாக 1940 ஜூலையில் அது வெளிவந்தது. ஒரு குரல், ஒரு கிற்றார், ஒரு வாய்ஆர்மோனியம்; வேறெதுவும் இல்லை. தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நான்கு நிமிடங்களுக்கு மேற் பதிவுசெய்ய இயலாமையால், ஸ்ரைன்பெக்கின் நாவற் பாத்திரமாகிய ரொம் ஜோட்டைப் பற்றிய நீண்ட பாடல் இரு பக்கங்களாகப் பிரிக்கப்பட்டது.

கத்ரியும் தனியே நின்றே பாடினார். ஆனால் அத்தட்டுகளைக் கேட்போருக்குத் தனிமையுணர்வு தோன்றுவதில்லை. ஏன்? அவருடைய 'நான்' அகதிகளாய் அலைந்த இலட்சக்கணக்கானோரின் 'நான்'. செய்தி சொல்வதுபோல, அண்டை வீட்டானோடு கதைப்பதுபோல, சில வேளை கேலியாக, உணர்ச்சியை மிகைப்படுத்தாத வரண்ட குரலில் அவர் பாடினார். சொற்களே அங்கு முதன்மை. இசை சொல்லைச் சுமந்து செல்லும் வண்டி. எவரும் கேட்டுத் திரும்பப் பாடக்கூடிய எளிய மெட்டுகளையே, பெரும்பாலும் பழைய மெட்டுகளையே, அவர் எடுத்தாண்டார். தனிக்குரல் ஒன்று கூட்டுக்குரலாய் நின்ற நிலை அது. தன் கிற்றாரைப் பாசிசத்தை ஒழிக்கும் யந்திரம் எனக் கருதி அதன்மீதே அவ்வாறு எழுதிவைத்தவர் அவர் என்பதையும் நினைவுகூரலாம்.

மக்களை நிலத்திலிருந்து பெயர்த்த அதே பொருளாதார அமைப்பின் பெருங் கொம்பனியொன்றே அம்மக்களின் பாடலையும் பதிவுசெய்து விற்க முன்வந்தது. அது அதிகம் விற்கவில்லை. விற்காத பொருளைக் கொம்பனி கைவிட்டது. கத்ரி மறுபதிப்பு வேண்டியபோதும் அது இணங்கவில்லை. 1948இல் மோசஸ் ஆஷ் நியூயோர்க்கில் நிறுவிய ஃபோக்வேஸ் என்னும் சிறு நிறுவனமே 1950இல் அப்பாடல்களை மீண்டும் வெளிக்கொணர்ந்தது. ஆஷ் ஒரு விதியைக் கடைப்பிடித்தார்: எந்தத் தட்டும் விற்கவில்லை என்பதற்காகப் பட்டியலிலிருந்து நீக்கப்படலாகாது. அவர் மறைந்த பின், 1987இல் ஸ்மித்சோனியன் நிறுவனம் ஃபோக்வேஸைப் பெற்றபோது, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அத்தொகுதிகள் அனைத்தும் என்றும் கிடைக்கச் செய்யப்பட வேண்டும் என்பதே நிபந்தனை. 'இன்டி' என்று இன்று சுருக்கி அழைக்கப்படும் சுயாதீன இசை வெளியீட்டின் மெய்யான பொருளை அறிய விரும்புவோர் இவ்விதியிலிருந்து தொடங்குவது தகும். சுயாதீனம் என்பது ஒரு பாணியன்று. சந்தையின் உடனடித் தீர்ப்புக்குப் பணியாமை என்பதே அதன் உள்ளடக்கம்.

கத்ரியின் பாதை அகன்று செல்லாமைக்குக் கலைக் காரணங்கள் மட்டும் இருந்தன எனக் கூறுவோர் 1950களின் அரசியலை மறைக்கின்றனர். வீவர்ஸ் குழுவினர் கம்யூனிஸ்டுகள் எனக் குற்றஞ்சாட்டப்பட்டுக் கருப்புப் பட்டியலில் வைக்கப்பட்டனர். வானொலியும் மண்டபங்களும் அவர்களுக்கு மூடப்பட்டன. 1952இல் குழு கலைந்தது. அக்குழுவைச் சேர்ந்த பீற் சீகர் 1955இற் காங்கிரஸ் விசாரணைக் குழுவின் முன் அழைக்கப்பட்டார். தம் நம்பிக்கைகளையும் தொடர்புகளையும் பற்றிப் பதிலளிக்க மறுத்தமைக்காக 1961இற் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டார். மறு ஆண்டு மேன்முறையீட்டில் அத்தீர்ப்பு நீக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளிற் பாடசாலைகளிலும் கல்லூரிகளிலும் சிறுவர் முகாம்களிலும் பாடியே அவர் வாழ்ந்தார். கூட்டுக்குரலை வளர்த்த அமைப்புகளான தொழிற்சங்கம், இடதுசாரிக் கட்சி, மக்கள் கலை அமைப்பு ஆகியன நசுக்கப்பட்டன. அவை நசுக்கப்பட்ட நிலத்திலேதான் அகமுகமாகத் திரும்பிய நாட்டார் இசை முளைத்தது என்பதை மறத்தலாகாது.

1960களின் எழுச்சி அதனை மீண்டும் வீதிக்குக் கொண்டுவந்தது மெய்யே. ஆயினும் அத்தசாப்தத்தின் இறுதியில் அதே தலைமுறையின் ஒரு பகுதி ஊரை விட்டு ஒதுங்கத் தொடங்கியது. ஆங்கிலப் பாடகி வஷ்ரி பன்யனின் வரலாறு இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு. 1965இல் இலண்டனில் அவரைப் பரபரப்பான இளம் பாடகியாக உருவாக்கும் முயற்சி நடந்தது; வெற்றி கிட்டவில்லை. 1968இற் குதிரை பூட்டிய வண்டியொன்றில், தம் துணைவருடன் ஸ்கொட்லாந்தின் வடமேற்குத் தீவுகளை நோக்கி அவர் புறப்பட்டார். கலைஞர் கூடி வாழும் குடியிருப்பொன்று அங்கே அமையவிருப்பதாக நம்பிக்கை. சென்று சேர்ந்தபோது பெரும்பாலோர் கலைந்துவிட்டனர். வழியிற் பிறந்த பாடல்கள் 'ஜஸ்ற் அனதர் டயமன்ட் டே' என்னும் முதல் தொகுதியாக 1970 டிசெம்பரில் வெளிவந்தன. மெல்லிய குரல், புல்லும் நெருப்பும் நாயும் மழையும் நிறைந்த சிறு உலகு. சிலரே வாங்கினர். அவர் இசையை விட்டார். 2000ஆம் ஆண்டு அது மறுபதிப்புச் செய்யப்பட்டபோது புதிய தலைமுறையொன்று அதனைப் போற்றியது. 2005இல், முப்பத்தைந்து ஆண்டுகளின் பின், இரண்டாவது தொகுதி வந்தது.

பன்யனின் பாடல்களை ஓடி ஒளிந்தவரின் கனவு எனத் தள்ளிவிடல் எளிது. ஆனால் அது நியாயமன்று. யந்திர நகரத்தில் மனிதர் இழந்த ஏதோ ஒன்றின் மீதான ஏக்கம் அவற்றில் உண்டு. குறை ஏக்கத்தில் இல்லை. இழந்ததை மீட்கக் கூட்டான வழி அடைபட்டபோது, வண்டியொன்றும் நாயொன்றும் கொண்ட தனிவழி மட்டுமே எஞ்சியது என்பதே குறை. கத்ரியின் காலத்து மக்கள் துரத்தப்பட்டதால் வீதியில் இறங்கினர். பன்யனின் தலைமுறையினர் தாமாகவே வீதியைத் தேர்ந்தனர். இவ்விரு பயணங்களுக்கும் இடையே, போருக்குப் பிந்திய செழிப்பின் முப்பதாண்டுகளிற் பெரும்பகுதி அடங்கியுள்ளது.

இதன்பின் தனிக்குரலின் வரலாற்றை யந்திரமே பெரிதும் முன்னெடுத்தது. 1979இல் ரியக் என்னும் யப்பானிய நிறுவனம், சாதாரண கசெற் நாடாவில் நான்கு குரல்களைத் தனித்தனியே பதிந்து கலக்கக்கூடிய சிறிய யந்திரமொன்றை விற்பனைக்கு விட்டது. அதுவரை மணிக்கணக்கிற் கூலி செலுத்தி ஒலிப்பதிவுக்கூடத்திற் செய்ய வேண்டியிருந்ததைப் படுக்கையறையிற் செய்ய வழி பிறந்தது. 1982 ஜனவரியில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்ரீன் நியூ ஜேர்சியில் தம் வீட்டில் அவ்யந்திரத்தில் மாதிரிக்காகப் பாடிவைத்த பாடல்கள், குழுவுடன் மீண்டும் பாடியபோது உயிரிழந்தன. ஆதலால் அந்தக் கசெற்றே 'நெப்ராஸ்கா' என்னும் தொகுதியாக வெளியாயிற்று. ஆலைகள் மூடப்பட்டு வேலையின்மை பெருகிய றேகன் ஆட்சிக் காலம் அது. வேலை இழந்தவனும் வழி தவறியவனும் அத்தொகுதியிற் பேசுகின்றனர். ஆனால் கத்ரியின் மாந்தர் போல அவர்கள் ஒருவரோடொருவர் பேசவில்லை. ஒவ்வொருவரும் தனித்தனி அறையில் இருந்து பேசுகின்றனர்.

உற்பத்திச் சாதனம் மலிவடைந்தமை ஒரு பெறுபேறு என்பதில் ஐயமில்லை. 1970களின் இறுதியிற் பிரித்தானியாவிற் சுயாதீன வெளியீட்டகங்கள் பெருகியபோது, கொம்பனியின் தயவின்றி இளைஞர் தாமே தட்டு வெளியிட்டனர். கடைகள் தம்முள் இணைந்து விநியோகித்தன. ஆனால் உற்பத்திச் சாதனம் தனியறைக்குள் வந்தபோது, உற்பத்தியில் ஈடுபட்டோர் ஒருவரையொருவர் சந்திக்கும் தேவையும் குறைந்தது. இவ்விரு விளைவுகளையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும்.

இப்போது விஸ்கொன்சின் குடிலுக்குத் திரும்புவோம். வேர்ணனிடம் இருந்தவை சில பொருள்களே: பழைய சில்வர்ரோன் கிற்றார், மேடைகளிற் சாதாரணமாகப் பயன்படும் ஷூர் ஒலிவாங்கி ஒன்று, ஒரு கணனி. இவற்றைக் கொண்டு அவர் ஆக்கியது யாது? தம் இயல்பான தாழ்ந்த குரலை விடுத்துப் பொய்க்குரல் எனப்படும் மேற்குரலிற் பாடினார். ஒரே வரியைப் பலமுறை பாடி, அப்பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். ஒருவரே பாடினும் ஒவ்வொரு முறையும் சுருதியிலும் நேரத்திலும் நூலிழை வேறுபாடு இருக்கும். அவ்வேறுபாடே அடுக்கிய குரல்களுக்கு ஆழத்தைத் தருகிறது. கேட்போருக்குத் தேவாலயமொன்றில் ஒரு பாடகர் குழு நிற்பது போன்ற மயக்கம் உண்டாகிறது. அத்தொகுதியின் புகழ்பெற்ற 'சூழல்' இந்த வினையின் விளைவு.

சொல்லாக்கமும் கத்ரிக்கு நேர்மாறானது. பொருளற்ற ஒலிகளால் மெட்டைப் பாடிப் பதிந்து, அதனைத் திரும்பத் திரும்பக் கேட்டு, அவ்வொலிகளுக்குப் பொருந்தும் சொற்களைப் பின்னர் தேடினார். கத்ரியிடம் சொல்லுக்காக ஒலி. வேர்ணனிடம் ஒலிக்காகச் சொல். ஆகவேதான் ஒன்பது பாடல்களிலும் துயரம் தெளிவாகக் கேட்கிறது. எதனால் வந்த துயரம் என்பது தெளிவாகக் கேட்பதில்லை.

இதனைக் குறையாக மட்டும் சொல்லி முடித்துவிடலாம். அவ்வாறு முடித்தால் இத்தொகுதியின் மிக முக்கியமான செய்தியைத் தவறவிடுவோம். தனியே இருக்கச் சென்றவர், அங்கே தனிக்குரலிற் பாடவில்லை. தம் ஒரு குரலைப் பல குரல்களாக்கி ஒரு கூட்டத்தை உருவாக்கினார். இல்லாத மனிதரின் இடத்தைத் தம்மையே கொண்டு நிரப்பினார். இரசிகரை உருக்கியது தனிமையின் வெற்றி எனப் பலர் எழுதினர். நாமோ அது கூட்டத்தின் இன்மை எனக் கொள்கிறோம். அத்தொகுதி பரவிய 2008ஆம் ஆண்டு, வீட்டுக்கடன் நெருக்கடியால் இலட்சக்கணக்கான அமெரிக்கர் வீடும் வேலையும் இழந்துகொண்டிருந்த ஆண்டு. 1930களில் அத்தகைய இழப்பு மக்களை வீதியில் ஒன்றாக நிறுத்தியது. 2008இற் பெரும்பாலோர் அதனைத் தத்தம் அறைகளில், தத்தம் தோல்வியாக அனுபவித்தனர். அவர்கள் காதுகளில் ஒலித்த குரல், ஒருவனே பலராகிப் பாடிய குரலாய் இருந்தமை வியப்பன்று.

குடிலின் தனிமையே எத்துணை சமுதாயத் தன்மை வாய்ந்தது என்பதையும் நோக்க வேண்டும். தனித்திருக்க ஓர் இடம் வேண்டும். அது தந்தையின் உடைமையாய் இருந்தது. கலிபோர்னிய எல்லையில் மறிக்கப்பட்ட குடும்பத்துக்கு ஒதுங்கியிருந்து பாடக் குடில் இருக்கவில்லை. ஒதுங்குதலும் ஒருவகைச் சொத்தே. மேலும், வேர்ணன் வெறுங்கையுடன் குடில் புகவில்லை. ஓ கிளேர் நகரின் பொதுப் பாடசாலையில் ஜாஸ் இசைக்குழுவிற் பயிற்சி பெற்றவர் அவர். ஊரின் இளமைக் கால நண்பர்களுடன் பல ஆண்டுகள் குழுவாக இசைத்தவர். அந்நண்பர்களோடேயே 2005இல் வட கரோலினாவுக்குக் குடிபெயர்ந்தவர். குரல்களை அடுக்கும் கலையை அவருக்குக் கற்பித்தது காடன்று. வகுப்பறையும் ஒத்திகைக்கூடமும் அதனைக் கற்பித்தன. தொகுதியிற் கேட்கும் பித்தளை வாத்திய ஒலியும் பின்னர் வேறு கலைஞர் வாசித்துச் சேர்த்தது. அத்தொகுதியால் வந்த பணத்தைக்கொண்டு அவர் செய்த முதற்காரியங்களுள் ஒன்றும் நோக்கத்தக்கது. ஊருக்கு அண்மையில், முன்பு மிருக வைத்தியசாலையாயிருந்த கட்டடமொன்றை, சகோதரருடன் சேர்ந்து ஒலிப்பதிவுக்கூடமாக்கினார். பல கலைஞர் கூடிப் பணிபுரியும் இடமாக அது வளர்ந்தது. தனிமையின் நாயகனாகப் போற்றப்பட்டவர், வாய்ப்புக் கிடைத்தவுடன் தனிமையைக் கைவிட்டார்.

இங்கே ஆசிரியராயுள்ள வாசகர் ஒரு கணம் தரித்து நிற்க வேண்டும். 1959இல், அமெரிக்க மாநிலங்களுள் முதன்முதலாகப் பொதுத்துறை ஊழியருக்குக் கூட்டுப் பேரம் பேசும் உரிமையைச் சட்டமாக்கியது இதே விஸ்கொன்சின். 2011 பெப்ரவரியில் ஆளுநர் ஸ்கொட் வோக்கர் அவ்வுரிமையைப் பெரிதும் பறிக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். அதன் முதல் இலக்கு ஆசிரியர். வேர்ணன் போன்ற பிள்ளைகளின் கையில் வாத்தியத்தைக் கொடுத்து, ஒருவர் குரலை மற்றவர் கேட்டு வாசிக்கப் பழக்கிய அதே பொதுப்பள்ளி ஆசிரியர். மடிசன் நகரில் ஆசிரியர் வகுப்புகளை விட்டு வெளியேறினர்; மாணவரும் உடன் நடந்தனர். மாநிலச் சட்டமன்றக் கட்டடம் வாரக்கணக்கில் மக்களால் நிறைந்திருந்தது. மார்ச்சில் சட்டம் நிறைவேறியது. போராட்டம் தோற்றது என்றே பத்திரிகைகள் எழுதின.

ஆனால் அம்மாதத்திலேயே சிறு கூட்டமொன்று நண்பகலில் அக்கட்டடத்திற் கூடிப் பாடத் தொடங்கியது. எந்தக் குரலும் பயிற்சி பெற்றிருக்க வேண்டியதில்லை. கையில் ஒரு பாட்டுப்புத்தகம் போதும். கத்ரியும் சீகரும் விட்டுச்சென்ற பாடல்கள் அங்கே மீண்டும் பாடப்பட்டன. வாரநாள் தோறும், ஆண்டுக்கணக்கில், அக்கூட்டம் பாடியது. 2013ஆம் ஆண்டுக் கோடையில் அனுமதிப் பத்திரமின்றிப் பாடிய குற்றத்துக்காகப் பலர் கைதுசெய்யப்பட்டனர். மறுநாளும் பாடல் நடந்தது. 1940இல் விற்காத தட்டு, கைவிட்ட கொம்பனி, கருப்புப் பட்டியல், இவை அனைத்தையும் கடந்து அப்பாடல்கள் எழுபது ஆண்டுகளின் பின் அங்கு வந்து சேர்ந்த வழி யாது? ஃபோக்வேஸின் விதியும், பாடசாலைகளிலும் முகாம்களிலும் பாடித்திரிந்த ஆசிரியரும் பாடகருமே அவ்வழி. 2024 டிசெம்பரில் அம்மாநில நீதிமன்றமொன்று அச்சட்டத்தின் பெரும்பகுதியைச் செல்லாது எனத் தீர்த்தது. அதனை எதிர்த்து மேன்முறையீடு செய்யப்பட்டது.

இன்று தனிக்குரலின் பாடு முன்னையினும் கடினமானது. உற்பத்திச் சாதனம் கையடக்கத் தொலைபேசி அளவுக்கு மலிந்துவிட்டது. ஆனால் விநியோகம் சில பெரும் நிறுவனங்களின் கையில் ஒடுங்கிவிட்டது. பாடலொன்று ஒருமுறை கேட்கப்பட்டால் உரிமையாளருக்குச் சேர்வது ஒரு சதத்தின் சிறு பின்னமே. 2024 முதல், ஓராண்டில் 1000 தடவைக்குக் குறைவாகக் கேட்கப்படும் பாடலின் ஒலிப்பதிவுக்கு ஸ்பொட்டிஃபை நிறுவனம் எதனையும் கொடுப்பதில்லை. விற்காத தட்டையும் பட்டியலில் வைத்துக் காத்த ஆஷின் விதிக்கு நேரெதிரான விதி இது. அறையில் இருந்து பாடும் ஒவ்வோர் இளைஞனிடமும் 'நீயும் குடிலின் நாயகன் ஆகலாம்' எனச் சொல்லப்படுகிறது. ஆயிரமாயிரம் பேர் அவ்வாறு நம்பிப் பாடித் தருவதே அந்நிறுவனங்களின் மூலப்பொருள். தனிமையைப் போற்றும் கோட்பாடு யாருக்கு இலாபம் தருகிறது என்பது இங்கு வெளிப்படுகிறது. தனித்தனியே இருக்கும் பாடகர் பேரம் பேச முடியாது.

ஆகவே நம் மாணவரிடம் வேர்ணனின் தொகுதியைக் கேளாதே என்று சொல்வது அறிவுடைமையாகாது. கேட்கட்டும். அதன் அழகு மெய்யானது. அதிலுள்ள வலியும் மெய்யானது. கத்ரியின் புழுதிப் பாடல்களையும் அதன் பக்கத்தில் வைத்துக் கேட்கட்டும். பின்னர் அவர்களிடம் சில வினாக்களை எழுப்புவோம். ஒரே குரல் பலவாக அடுக்கப்பட்ட அந்தப் பாடகர் குழுவில் உண்மையில் நின்றிருக்க வேண்டியோர் யாவர்? அவர்கள் எங்கே போயினர்? அவர்களைக் கலைத்தது எது? இவ்வினாக்களுக்கு விடை தேடும் மாணவன் நல்ல இசையைத் துறக்க வேண்டியதில்லை. தன் அறையின் கதவைத் திறந்து, அடுத்த அறையிற் பாடிக்கொண்டிருப்பவனை அழைத்தாற் போதும். ஆசிரியர் செய்யவேண்டியது, அவர்கள் இருவரும் சந்தித்துப் பாடுவதற்குப் பாடசாலையில் ஓர் இடமும் ஒரு நேரமும் அழியாமற் காப்பதே.